நேற்று காலையிலிருந்து சொல்லுங்கள்

"பச்சைத் தண்ணிகூட பல்லுல படல டாக்டர், எதைக் குடுத்தாலும் துப்புறான்." தாய் சொல்லிக்கொண்டிருக்க, மடியில் இருந்த ஒன்றே முக்கால் வயதுப் பையன் ஒரு கையில் பாதி கடித்த பிஸ்கட்டோடு மறு கையால் என் ஸ்டெதஸ்கோப்பை இழுத்துக்கொண்டிருந்தான். எடை 11 கிலோ 200 கிராம். கூட வந்திருந்த பாட்டி சொன்னார்: "போன வாரம் தொக்கம்கூட எடுத்துட்டு வந்தோம் சார். ரெண்டு நாள் நல்லா சாப்பிட்டான். அப்புறம் பழைய கதைதான்." வெளியே இன்னும் நாற்பது பேர். இந்த இடத்தில் நம்மில் பலர் என்ன செய்வோம் என்பது நமக்கே தெரியும். சிப்ரோஹெப்டடின் ஒரு பாட்டில், மல்டிவைட்டமின் ஒரு பாட்டில், பூச்சி மருந்து கொடுத்து ஆறு மாதம் ஆகியிருந்தால் அதுவும். அடுத்த டோக்கன்.

வயிற்றில் சிக்கியதை எடுப்பதாகச் சொல்லித் தொக்கம் எடுப்பவரை நாம் கிண்டல் செய்வதுண்டு. ஆனால் அவரும் நாமும் அந்தக் குடும்பத்துக்குக் கொடுத்தது ஒன்றுதான்: 'ஏதோ செய்தாயிற்று' என்ற நிம்மதி. அவர் நம்மைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் பேசியிருப்பார். நம்முடைய மருந்தில் தூக்கக் கலக்கம் தனி. நிறுத்தினால் பசி பழையபடி ஆகிவிடும். மறுபடி சீட்டு, மறுபடி பாட்டில். சிப்ரோஹெப்டடினுக்கு வேறு நல்ல உபயோகங்கள் உண்டு. எடை ஒழுங்காக ஏறும் குழந்தையின் தாயைச் சமாதானப்படுத்துவது அவற்றில் சேராது.

எடையில் தொடங்குவோம். உலகச் சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட ஆறு நாடுகளின் குழந்தைகளை வைத்து 2006இல் வெளியிட்ட வளர்ச்சி வரைபடத்தின்படி, நடுத்தரமான ஓர் ஆண் குழந்தை முதல் வருடத்தில் 6 கிலோவுக்கு மேல் ஏறுகிறது. இரண்டாம் வருடத்தில் ஏறுவது இரண்டரை கிலோ மட்டுமே. வேகம் பாதிக்கும் கீழே போகும்போது பசியும் குறையத்தான் செய்யும். இதை முதல் பிறந்தநாளுக்கு முன்பே, அம்மைத் தடுப்பூசிக்கு வரும்போதே தாயிடம் சொல்லிவிட்டால் பாதிக் கவலை முளைக்கும் முன்பே போய்விடும். நாம் சொல்வதில்லை.

இந்தப் பையனின் தாயிடம் நான் அன்று கேட்டது ஒரே கேள்வி. "நேத்து காலைல இவன் எந்திரிச்சதுலேர்ந்து சொல்லுங்கம்மா." ஆறு நிமிடம் ஆயிற்று. எட்டரைக்கு எழுந்ததும் பாட்டிலில் பால், 200 மில்லி. பத்து மணிக்கு போனில் பாட்டு ஓட அரை இட்லி. பதினொன்றுக்கு பிஸ்கட். பன்னிரண்டுக்கு அழுதான், பால் 150. ஒரு மணிக்குச் சோறு இரண்டு வாய், மூன்றாவதைத் துப்பினான், அடி ஒன்று விழுந்தது. நாலு மணிக்குத் தூக்கம், ஆறரைக்கு விழிப்பு, பால் 200, ரஸ்க். அப்பா கடையிலிருந்து வருவது பத்து மணிக்கு, அப்புறம்தான் ஆட்டம். தூங்கும்போது பாட்டில் 200. இரவில் இரண்டு முறை எழுந்து நூறு, நூறு.

கூட்டிப் பாருங்கள். 950 மில்லி. ஏறக்குறைய 600 கலோரி, போட்ட சர்க்கரை தனி. அவன் வயதுக்கு நாள் முழுவதற்கும் வேண்டியதே 1000 கலோரி சுமார். பிஸ்கட்டையும் ரஸ்க்கையும் சேர்த்தால் சோற்றுக்கு வயிற்றில் எங்கே இடம்? இவன் சாப்பிடாத பிள்ளை அல்ல, குடித்தே வயிறு நிறைந்த பிள்ளை. நான் கணக்கை முடிப்பதற்குள் தாயே "இவ்வளவா குடிக்கிறான்?" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் அந்த ஆறு நிமிடம்.

புறப்படும் நேரத்தில், கதவருகே நின்று, பாட்டி மெல்லக் கேட்டார்: "திட்டினா வீறிட்டு அழுவான் சார், அப்படியே மூச்சு நின்னு உதடெல்லாம் நீலமாயிடும். காத்து கருப்பா இருக்குமோ?" கதவருகே சொல்லப்படும் புகாரை உட்கார்ந்து சொன்னதைவிடக் கவனமாகக் கேட்க வேண்டும் என்பது நம் ஆசிரியர்கள் சொல்லிக்கொடுத்தது. இரத்தத்தைச் சோதித்தால் ஹீமோகுளோபின் 8.9. ஒரு லிட்டர் பசும்பாலில் இருக்கும் இரும்புச்சத்து அரை மில்லிகிராம் அளவுதான், அதிலும் உடலில் சேர்வது சொற்பம். அழுது மூச்சடைக்கும் குழந்தைகளில் இரும்புக் குறை அதிகம் என்பதும், இரும்பு கொடுத்தால் அந்த வலிப்பு போன்ற நிகழ்வுகள் பலருக்குக் குறைகின்றன என்பதும் நமக்குத் தெரிந்தவை. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு 2019-21இல் ஐந்து வயதுக்கு உட்பட்ட இந்தியக் குழந்தைகளில் 67.1 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல். ஆகவே மூச்சடைப்புக்கு மூளை ஸ்கேன் எழுதுமுன் விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம். அழாமலே, ஓடும்போதோ திடுக்கிட்டோ வெளுத்து விழும் குழந்தை வேறு கதை, அதற்கு ஈ.சி.ஜி. எடுக்காமல் வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

கிலோவுக்கு 3 மில்லிகிராம் கணக்கில் இரும்புச் சொட்டு மருந்து எழுதினேன். பாட்டிலைப் பார்த்ததும் பாட்டியின் முகம் மலர்ந்ததை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

பசியின்மை, மலச்சிக்கல், அடம், இரவு விழிப்பு ஆகியவை நம்மிடம் நான்கு புகார்களாக வந்து நான்கு மருந்துகளாகத் திரும்புகின்றன. பெரும்பாலும் அவை ஒரே நாளின் நான்கு முனைகள். ஆறரை வரை பகல் தூக்கம் தூங்கியவன் பத்து மணிக்குக் கண் அயர மாட்டான். இரவெல்லாம் பால் குடித்தவனுக்குக் காலையில் இட்லி வேண்டாம். தூங்க ஏதாவது சிரப் கேட்கிறார்கள். புரோமெதசின் எழுதித் தருபவர்களும் நம்மிடையே உண்டு. இரண்டு வயதுக்குக் கீழ் அது மூச்சையே அடக்கக்கூடும் என்பதைப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறோமா?

தூக்கத்தைப் பற்றி நாம் கொடுக்கும் அறிவுரையில் பாதி வெளிநாட்டுப் புத்தகத்தின் வாசனை அடிக்கிறது. தனி அறை, தனிக் கட்டில், அழுதாலும் தூக்காதே. ஒரே அறையில் ஐந்து பேர் பாய் விரித்துப் படுக்கும் வீட்டில் இதைச் சொன்னால் தாய் தலையாட்டிவிட்டுப் போவார், அவ்வளவுதான். இந்த வயதில் தாயோடு படுப்பது நோயல்ல. கவனிக்க வேண்டியது குழந்தை எப்படித் தூங்கிப்போகிறது என்பதைத்தான். எல்லாக் குழந்தைகளுமே இரவில் பல முறை அரைகுறையாக விழிக்கின்றன. தூளியில் ஆடியே தூங்கிப் பழகியது விழித்ததும் ஆட்டத்தைத் தேடும். பாட்டிலோடு தூங்கியது பாட்டிலைத் தேடும். பசியால் அல்ல. தூளியை இந்த வயதில் விடச் சொல்ல இன்னொரு காரணம், நடக்கத் தெரிந்த குழந்தை அதில் ஏறி விளையாடும்போது சேலை கழுத்தை இறுக்கிய விபத்துகள். ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் போதும்: காலையில் ஏழு மணிக்கு எழுப்புங்கள், பகல் தூக்கம் மூன்றரைக்கு முடியட்டும். பகலும் இரவும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம் வந்தால் சரி. வாரத்தில் பல இரவுகள் குறட்டை விட்டு, வாயைத் திறந்தபடி, தலை நனைய வியர்த்துத் தூங்கும் குழந்தைக்கு மட்டும் இந்தப் பேச்சு போதாது, அடினாய்டைப் பார்க்க வேண்டும். பல்லை நறநறவென்று கடிப்பதற்கு வயிற்றுப் பூச்சியைக் குற்றம் சொல்வதை நாமாவது நிறுத்தலாம்.

"அப்ப, அதுவா கேக்குற வரைக்கும் சும்மா விட்டுடலாமா?" என்று கேட்பார்கள். கிளாரா டேவிஸ் என்ற அமெரிக்க மருத்துவர் 1920களில் பால் மறந்த குழந்தைகளின் முன் பலவகை உணவைப் பரப்பி, எதையும் ஊட்டாமல், அவர்கள் கை நீட்டியதை மட்டும் கொடுத்துப் பார்த்தார். 1939இல் அவர் தந்த தொகுப்பில் 15 குழந்தைகள், 34 உணவுகள். ஒரு வேளை முட்டையாகத் தின்றார்கள், ஒரு வேளை பழமாக. எல்லோரும் நன்றாக வளர்ந்தார்கள். இதை ஊட்டாதே என்பதற்குச் சான்றாகச் சொல்பவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். அந்தப் பட்டியலில் சர்க்கரையோ பதப்படுத்திய பண்டமோ இல்லை, சூட்சுமமே அந்தப் பட்டியலில்தான் என்று டேவிஸே சொன்னார். எவ்வளவு என்பதைப் பிள்ளை தீர்மானிக்கட்டும். ஐந்து ரூபாய் பாக்கெட் வீட்டில் இருக்கலாமா என்பதைப் பெரியவர்கள்தான் தீர்மானிக்க வேண்டும்.

தேவையில்லாமல் பாட்டில் எழுதப்படும் இன்னொரு புகாரான சளி இருமலைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. வருடத்துக்கு ஆறேழு முறை வருவது இந்த வயதின் வழக்கம். 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் குழந்தைகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைத்த இருமல் மருந்து நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. அதில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைகால் இருந்ததை நம் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைதான் கண்டறிந்தது. தயாரித்தவரின் குற்றம் ஒருபுறம் இருக்கட்டும். தானாக ஆறும் சளிக்கு அந்தச் சீட்டு எதற்காக எழுதப்பட்டது என்பது நம் கேள்வி.

'நேற்று காலையிலிருந்து' என்று கேட்பதில் இன்னொரு லாபமும் உண்டு. சில வீடுகளில் பதில் இப்படி வரும்: "தொந்தரவே இல்ல சார், போனைக் குடுத்தா ஒரே இடத்துல உக்காந்திருப்பா, ரொம்ப சமத்து." அடம் பிடிப்பதாக யாரும் புகார் சொல்லாத அந்தக் குழந்தையிடம்தான் நாம் சற்று நிற்க வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறதா? எதையாவது விரல் நீட்டிக் காட்டி, காட்டியபின் அம்மா முகத்தைப் பார்க்கிறதா? ஒன்றரை வயதில் இது இல்லையென்றால் 'ஆம்பளப் பிள்ள லேட்டாத்தான் பேசும்' என்று காத்திருக்கக் கூடாது. திருவனந்தபுரத்தில் உருவான வளர்ச்சிப் பரிசோதனை அட்டையில் 17 வரிகள்தான், ஐந்து நிமிடம் போதும்.

நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டியதும் கவனத்தைத் திருப்பும் வேலைதானே, போன் மட்டும் என்ன பாவம் செய்தது என்று ஓர் இளம் தந்தை என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி. பிள்ளைத்தமிழில் அம்புலிப் பருவம் என்றே ஒன்று உண்டு. நிலாவைக் காட்டும்போது இரண்டு பேர் ஒன்றைப் பார்க்கிறார்கள், குழந்தை நிலாவையும் பார்த்து அம்மாவையும் பார்க்கிறது. போனில் ஒருவர் மட்டுமே பார்க்கிறார், ஊட்டும் கை யாருடையது என்றுகூடக் குழந்தைக்குத் தெரிவதில்லை. விரல் நீட்டுவது நிலா காட்டிய அந்த மொட்டைமாடியில் கற்றுக்கொண்டது.

ஓ.பி.யில் ஆறு நிமிடம் எல்லோருக்கும் கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். எடை பார்க்கும் செவிலியர் அந்தக் கேள்வியைக் கேட்டு அட்டையின் பின்புறம் எழுதிவைக்கலாம். நாங்கள் அப்படித்தான் தொடங்கியிருக்கிறோம். நாள் முழுவதையும் ஒரே வரவில் திருத்தப் பார்க்காதீர்கள். ஒன்றை மட்டும் மாற்றச் சொல்லி மூன்று வாரம் கழித்து வரச் சொல்லுங்கள்.

அந்தப் பையன் வந்தான். இரவுப் பாட்டில் இரண்டும் நின்றிருந்தன. அதற்கு நான்கு இரவு அழுகை, பக்கத்து வீட்டாரின் முணுமுணுப்பு. மதியம் முட்டையோடு அரைக் கிண்ணம் சோறு. நீலமாவது ஒரு முறைதான். போன் இன்னும் ஓடுகிறது. அது அடுத்த வரவுக்கு.