பெயர் கேளாத படம்

ஆவண நிழற்படக் கண்காட்சித் திறப்புவிழாக்களில் கலைஞர் ஒளியைப் பற்றியும் கோணத்தைப் பற்றியும் சொற்பொழிவாற்றுகிறார், அவை கைதட்டுகிறது. படத்தில் இருப்பவர் யாரென்று எழுந்து கேட்பவரோ அரியர்.

1936 மார்ச்சில் கலிபோர்னியாவின் நிப்போமோவில், பட்டாணி பறிக்கும் தொழிலாளர் முகாமில், பசித்திருந்த ஒரு தாயை டோரதியா லாங் படமெடுத்தார். நாளேட்டில் செய்தி வந்ததும் முகாமுக்கு அரசு உணவு அனுப்பியது. அப்பயனை மறுப்பார் இலர். ஆயின், உணவு சேருமுன்னரே அத்தாயின் குடும்பம் வேறிடம் போய்விட்டது! தாம் அவர் பெயரைக் கேட்கவில்லை என்று லாங்கே 1960இல் எழுதினார். வயது முப்பத்திரண்டு என்பது மட்டும் தெரிந்ததாம். புளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்னும் பெயரை உலகம் அறிந்தது 1978இல். நாற்பத்திரண்டு ஆண்டுகள் அவர் வெறும் 'புலம்பெயர்ந்த தாய்'. படத்தால் தமக்கு ஒரு காசும் கிட்டவில்லை என்று அவர் மனம் நொந்தார்.

"அது மானிடத்தின் முகம், பெயர் எதற்கு?" என வாதிடுவோர் உளர். படமெடுத்தவரின் பெயரை மட்டும் சட்டத்தின் கீழே பொறிப்பானேன்? அவரும் மானிடரே அன்றோ?

மாணவரைக் கண்காட்சிக்கு அழைத்துச் செல்லும் தமிழாசிரியர், சொற்பொழிவு முடிந்ததும் அவர்களைக் கேட்கச் செய்யட்டும்: இவர் பெயர் என்ன? இப்படத்தின் படியொன்று இவர் கைக்குச் சென்றதா?