கிலோவைப் பார்த்து மோட்டார் வாங்காதீர்கள்

பழைய மில்லிங் மெஷினை வீட்டுப் பட்டறையில் சிஎன்சியாக மாற்ற இறங்குகிறவர்களிடையே ஒரு நம்பிக்கை ஆழமாக வேர்விட்டிருக்கிறது. கிடைப்பதில் பெரிய ஸ்டெப்பர் மோட்டாரை வாங்கு, அதைப் பால் ஸ்க்ரூவின் முனையில் கப்ளிங் வைத்து நேரடியாகக் கோர்த்துவிடு, பெல்ட் மட்டும் வேண்டாம். பெல்ட் இழுபடும், நழுவும், அளவு தப்பும். பழகியவர் புதியவருக்குச் சொல்ல, விற்பவர் அதை ஆமோதிக்க, இது அனுபவ ஞானம் போலவே பரவிவிட்டது. இதன் இரண்டு பாதிகளும் தவறு. பெரிய மோட்டார் என்பது பலவேளை மெதுவான மோட்டார். சரியாகப் போட்ட டைமிங் பெல்ட்டோ மெஷினின் துல்லியத்தைக் குறைக்காது, கூட்டும். இந்த நம்பிக்கையால் வீணாகிற பணமும் உழைப்பும் கொஞ்சமல்ல. அதனால் இதைக் கணக்கைக் கொண்டே எதிர்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் மோட்டார். நம் ஊர்க் கடைகளில் ஸ்டெப்பரைக் கிலோவில்தான் பேசுகிறார்கள்: இது 30 கிலோ, அது 85 கிலோ என்று. கிலோகிராம்-சென்டிமீட்டர் என்பதன் சுருக்கம் அது. 30 கிலோ என்றால் ஏறக்குறைய 3 நியூட்டன்-மீட்டர். ஆனால் அந்த எண் ஹோல்டிங் டார்க். மோட்டார் சுழலாமல் நிற்கும்போது, முழுக் கரண்டும் பாயும்போது, அது எவ்வளவு பிடித்து நிற்கும் என்பதன் அளவு. நாம் மோட்டாரை வாங்குவது நிற்பதற்கல்ல. நீமா 23, நீமா 34 என்ற பெயர்களும் வலிமையைச் சொல்வதில்லை. முகத்தகட்டின் அகலம் 2.3 அங்குலமா 3.4 அங்குலமா என்பதை மட்டுமே சொல்கின்றன. ஓடும்போது என்ன ஆகும் என்பதைத் தீர்மானிப்பது சுருளின் இண்டக்டன்ஸும், நாம் கொடுக்கும் வோல்டேஜும். 5 மில்லிமீட்டர் லீட் உள்ள, அதாவது ஒரு சுற்றுக்கு மேசையை 5 மில்லிமீட்டர் நகர்த்தும், ஸ்க்ரூவில் மேசை நிமிடத்துக்கு 3 மீட்டர் ஓட வேண்டுமென்றால் ஸ்க்ரூ 600 சுற்று சுழல வேண்டும். சுற்றுக்கு 200 படி உள்ள மோட்டாருக்கு அது வினாடிக்கு 2,000 படி. ஒரு படிக்குக் கிடைக்கும் நேரம் அரை மில்லிவினாடி. 6 மில்லிஹென்றி சுருளில் 24 வோல்ட் கொடுத்தால் கரண்ட் 4 ஆம்பியரை எட்டவே 1 மில்லிவினாடி ஆகும், அதுவும் சுருளின் ரெசிஸ்டன்ஸையும் எதிர் மின்னழுத்தத்தையும் கணக்கில் சேர்க்காமல். கரண்ட் நிரம்புவதற்குள் அடுத்த படி வந்துவிடுகிறது. 2 மில்லிஹென்றி சுருளில் 48 வோல்ட் கொடுத்தால் அதே 4 ஆம்பியர் 0.17 மில்லிவினாடியில் வந்து சேரும். மில்லிஹென்றியின் வர்க்கமூலத்தை 32ஆல் பெருக்கினால் வருவது கொடுக்கத்தக்க வோல்டேஜின் மேல் எல்லை என்பது இத்துறையில் புழங்கும் கணக்கு. அதன்படி 6 மில்லிஹென்றி மோட்டார் 78 வோல்ட் வரை கேட்கும். அதை 50 வோல்ட்டுக்கு மேல் தாங்காத டிரைவரில் மாட்டி 36 வோல்ட் சப்ளையில் ஓட்டிவிட்டு, படி தவறுகிறதே என்று இன்னும் பெரிய மோட்டாரைத் தேடிப் போவதுதான் நடக்கிறது.

இனி பெல்ட். அதன்மீதுள்ள பயம் எங்கிருந்து வந்தது என்பது புரியாததல்ல. அரிசி ஆலையின் தட்டை பெல்ட்டும் கம்ப்ரஸரின் வி-பெல்ட்டும் உராய்வை நம்பி ஓடுகிறவை. சுமை ஏறினால் நழுவும். டைமிங் பெல்ட் அந்தச் சாதி அல்ல. அதன் பல் புல்லியின் பள்ளத்தில் உட்கார்ந்து இழுக்கிறது. உள்ளே ஓடும் கண்ணாடியிழையோ எஃகு இழையோதான் இழுவிசையைத் தாங்குகிறது. கார் எஞ்சினில் வால்வுகள் திறந்து மூடும் நேரத்தை இதே வகை பெல்ட்டை நம்பித்தான் விட்டிருக்கிறார்கள். அங்கே ஒரு பல் தப்பினாலும் எஞ்சின் ஒழுங்காக ஓடாது. பயத்தின் இன்னொரு ஊற்று முப்பரிமாண பிரிண்டர். அதில் தலைப்பகுதியை இழுத்துச் செல்வதே பெல்ட்தான். அது 0.1 மில்லிமீட்டர் நீண்டால் தலையும் 0.1 மில்லிமீட்டர் தவறி நிற்கும். அங்கே கண்டதை அப்படியே மில்லிங் மெஷினுக்குக் கொண்டுவருவதில்தான் பிழை. இங்கே பெல்ட்டுக்கும் மேசைக்கும் நடுவில் ஸ்க்ரூ இருக்கிறது, அந்த ஸ்க்ரூ எல்லாக் கணக்கையும் மாற்றிவிடுகிறது.

எவ்வளவு மாற்றுகிறது என்று பார்க்கலாம். 5 மில்லிமீட்டர் பிட்ச் கொண்ட எச்டிடி பெல்ட், மோட்டாரில் 20 பல் புல்லி, ஸ்க்ரூவில் 40 பல் புல்லி. பெரிய புல்லி ஒரு சுற்றுச் சுற்ற 200 மில்லிமீட்டர் பெல்ட் ஓட வேண்டும். அதற்குள் மேசை நகர்வது 5 மில்லிமீட்டர். அதாவது பெல்ட்டில் நேரும் எந்தப் பிழையும் மேசைக்கு வரும்போது நாற்பதில் ஒரு பங்காகச் சுருங்கும். 0.1 மில்லிமீட்டர் இழுபட்டாலும், பல்லுக்கும் பள்ளத்துக்கும் நடுவே அதே அளவு இடைவெளி இருந்தாலும், வேலையில் தெரிவது 0.0025 மில்லிமீட்டர். ஆனால் 0.1 இழுபட வைக்க அங்கே விசையே இல்லை என்பதுதான் கூடுதல் சேதி. கட்டர் மேசையை 1,000 நியூட்டன் விசையோடு, அதாவது சுமார் 100 கிலோ எடையளவு தள்ளினால், 90 சதவீதத் திறனுள்ள பால் ஸ்க்ரூவில் தேவைப்படும் முறுக்குவிசை 0.9 நியூட்டன்-மீட்டருக்கும் குறைவு. 40 பல் புல்லியின் விளிம்பில் அது 28 நியூட்டன். மேசையில் 100 கிலோ, பெல்ட்டில் 3 கிலோ! 15 மில்லிமீட்டர் அகல பெல்ட்டை இந்த இழுவை நீட்டி அளவைக் கெடுக்கும் என்று அஞ்ச எந்தக் காரணமும் இல்லை.

அப்படியானால் இந்த வரிசையில் உண்மையிலேயே மென்மையான இடம் எது? மோட்டாரேதான். இதைத்தான் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. ஸ்டெப்பரின் ரோட்டார் காந்தப்புலத்தில் ஸ்ப்ரிங்கில் மாட்டியது போல நிற்கிறது. சுமை வந்தால் இருக்க வேண்டிய இடத்திலிருந்து பின்வாங்கினால்தான் அதற்கு எதிர்விசையே பிறக்கும். முழு ஹோல்டிங் டார்க்கைக் காட்ட அது ஒரு முழுப் படி, 1.8 பாகை, பின்தங்க வேண்டும். இது நேர்விகிதமல்ல; பாதிச் சுமைக்கு 0.6 பாகை. நேரடியாகக் கோர்த்த 5 மில்லிமீட்டர் ஸ்க்ரூவில் அது 0.008 மில்லிமீட்டர் பிழை. ஒரு படியைப் பல சிறு படிகளாகப் பிரிக்கும் மைக்ரோஸ்டெப்பிங்கை எத்தனை நுணுக்கமாக வைத்தாலும் இந்தப் பின்வாங்கல் போகாது. இப்போது இருமடங்கு டார்க் உள்ள மோட்டாரை வாங்கி மாட்டினால் பிழை பாதியாகி 0.004 ஆகும். பழைய மோட்டாரையே வைத்துக்கொண்டு 2க்கு 1 என்று பெல்ட்டில் குறைத்தாலோ, மோட்டாருக்கு வரும் சுமை பாதி, அதன் பின்வாங்கல் ஸ்க்ரூவை அடையும்போது மறுபடியும் பாதி, பிழை 0.002. இரண்டு புல்லியும் ஒரு பெல்ட்டும் தருவதைக் கனத்த மோட்டாரால் தர முடியவில்லை. நேரடி இணைப்பு கெட்டியானது என்ற பேச்சும் முழு உண்மையல்ல: பலர் மாட்டுகிற, சுருள் வெட்டு போட்ட அலுமினியக் கப்ளிங் முறுக்கினால் வளைகிற பொருள்தான்.

பெரிய தொழிற்சாலை மெஷின்களில் சர்வோவை நேரடியாகத்தானே ஸ்க்ரூவில் கோர்க்கிறார்கள் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அங்கே ஸ்க்ரூவின் லீட் 12 மில்லிமீட்டர், மோட்டார் 3,000 சுற்று என்றால் மேசை நிமிடத்துக்கு 36 மீட்டர் ஓடுகிறது; அவர்களுக்கு அந்த வேகம் தேவை, அதற்கேற்ற வார்ப்பும் வழித்தடமும் அவர்களிடம் இருக்கின்றன. மோட்டாரின் வேகமும் மேசையின் வேகமும் ஏற்கெனவே பொருந்திவிட்டதால் நடுவில் எதுவும் வேண்டியதில்லை. கையால் சக்கரம் சுற்றுவதற்காக வார்த்த மெஷினில் 3 மீட்டரே தாராளம். 400 வாட் சர்வோ ஒன்றை அதில் நேரடியாகக் கோர்த்தால் அது 3,000 சுற்றில் ஐந்தில் ஒரு பங்கு வேகத்தைத் தாண்டாது. எனவே 80 வாட்டுக்கு மேல் தராது. கொடுத்த காசில் ஐந்தில் நான்கு பங்கு உறங்கும். 3க்கு 1 பெல்ட் போட்டால் அதே மோட்டார் 1,800 சுற்றில் 240 வாட் தரும். மேசையின் நிலைமம் மோட்டாருக்கு ஒன்பதில் ஒரு பங்காகத் தெரிவதால் டியூனிங்கும் எளிதாகும்.

ஸ்டெப்பரில் இந்த லாபத்துக்கு எல்லை உண்டு. அதை மறைத்துப் பேசுவது சரியல்ல. வேகம் கூடக்கூட அதன் டார்க் சரிவதால், நடுத்தர வேகத்தில் பெல்ட் இருமடங்காக்கித் தருவதை மோட்டாரின் கூடுதல் சுற்று தின்றுவிடும். இன்னும் மேலே போனால் நட்டமே. சுற்று இரட்டிப்பதால் கட்டுப்படுத்தும் போர்டு அனுப்ப வேண்டிய பல்ஸும் இரட்டிக்கும். ஆகவே மரம் வெட்டும் இலேசான ரவுட்டருக்கு, வேகமே பெரிதென்றால், குறைந்த இண்டக்டன்ஸ் மோட்டாரை நேரடியாகவே கோர்க்கலாம். எஃகை வெட்டுகிற மில்லுக்கு அந்த வாதம் பொருந்தாது. பெல்ட்டிலும் ஒழுங்காகச் செய்ய வேண்டியவை உண்டு. சிறிய புல்லியில் குறைந்தது ஆறு பற்களாவது பிடியில் இருக்க வேண்டும். இரண்டு புல்லியும் ஒரே தளத்தில் நிற்க வேண்டும். வீணைத் தந்தி போல முறுக்கி இழுத்தால் மோட்டாரின் பேரிங்தான் பலியாகும்.

பெல்ட்டை எதிர்ப்பவர்கள் சொல்வதில் நான் தலைவணங்கி ஏற்பது ஒன்றே: அது அறுந்தால் என்ன ஆகும் என்ற கேள்வி. படுக்கைவாட்டு அச்சுகளில் அறுந்தால் அந்த ஜாப் போகும், அவ்வளவுதான். செங்குத்து அச்சில் அப்படியல்ல. பால் ஸ்க்ரூ தானாகப் பிடித்து நிற்காது. ஸ்பிண்டிலைத் தாங்கும் தலைப்பகுதி முழு எடையோடு கீழே இறங்கும், அங்கே கை இருந்தால் கையின் மேல். அதற்கு எதிர் எடையோ கேஸ் ஸ்ப்ரிங்கோ வேண்டும், பிரேக்கும் வேண்டும். அந்தப் பிரேக் ஸ்க்ரூவின் மேல்தான் இருக்க வேண்டும். மோட்டாரின் வாலில் இருக்கும் பிரேக், பெல்ட் அறுந்த கணத்தில் மோட்டாரை மட்டுமே பிடித்துக்கொண்டிருக்கும்.