கடல் கடந்த குடும்பமும் கைத்தொலைபேசியும்



"மிஸ், எங்கட வீட்டுச் சண்டையை ஆரோ ஒரு ஆளுக்கு போனில சொல்லி என்ன வரப்போகுது?" என்று பலர் என்னிடம் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

யுத்தம் 2009இல் முடிந்தது. ஆனாலும் நம் குடும்பங்கள் ஓரிடத்தில் இல்லை. தாய் பேசாலையில், மகன் கட்டாரில், சகோதரி அக்கரையில் மண்டபம் முகாமில், மைத்துனர் பிரான்சில். கோபதாபமெல்லாம் தொலைபேசியில்தான் நடக்கிறது. சமாதானப் பேச்சும் அதிலேயே நடக்கலாம்.

குடும்ப உளவளத்துணை என்பது விசாரணை அல்ல. யார் சரி, யார் பிழை என்ற தீர்ப்பும் அதில் இல்லை. ஒருவரை மட்டும் நோயாளியாகப் பாராமல், வீட்டார் அனைவரையும் பேசவைத்து, ஒருவர் சொல்வதை மற்றவர் முழுதாகக் கேட்கச் செய்வதே அந்த முறை.

எங்கள் கரையோரத்தில் ஒரு வீடு. அடையாளங்களை மாற்றியே எழுதுகிறேன். கணவர் காணாமல் ஆக்கப்பட்டவர். அப்படிப்பட்டவர்களுக்காக 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வழங்கப்படும் சான்றிதழை எடுக்க மனைவி விரும்பினார். சொத்து, உதவிப்பணம் முதலிய அலுவல்களுக்கு அது உதவும். மாமியாருக்கோ அது மகனைச் சாகடிப்பது போல இருந்தது. வெளிநாட்டிலுள்ள மைத்துனர் கோபத்தில் பணம் அனுப்புவதை நிறுத்திவிட்டார்.

மூவரும் ஓர் உளவளத்துணையாளரும் வாட்ஸ்அப்பில் ஒரே அழைப்பில் சேர்ந்தார்கள். மருமகள் சொன்னார்: "மாமி, அவர் வந்தா நிக்கக் கூடாதெண்டு நானும் இரவில படலையைப் பூட்டுறேல்ல." ஒரே வீட்டில் இருந்தும் மாமியார் அதை அன்றுதான் கேட்டார். அது மரணச் சான்றிதழ் அல்ல என்பது சில அழைப்புகளின் பின்னர் அவருக்கு விளங்கியது. சான்றிதழ் எடுக்கப்பட்டது. இறந்தோருக்கான பூசை ஒப்புக்கொடுப்பதில்லை என்பதற்கும் எல்லோரும் சம்மதித்தார்கள்.

அமெரிக்கக் குடும்பச் சிகிச்சையாளர் போலின் பாஸ் இதைத் தெளிவற்ற இழப்பு என்பார். 2001இல் நியூயோர்க் தாக்குதலில் காணாமற்போனோரின் குடும்பங்களோடு அவர் பணியாற்றினார். வீட்டார் எல்லோரும் ஒரே மாதிரி நம்பத் தேவையில்லை, வேறுபட்டு நினைத்தபடியே சேர்ந்து வாழலாம் என்பது அவரது கருத்து.

தொலைபேசியில் பேச முன் சிலவற்றைக் கவனியுங்கள். பிள்ளைகளோ அயலாரோ கேட்காத இடத்தில் இருங்கள். ஹெட்போன் நல்லது. டேட்டா போதாவிட்டால் படம் வேண்டாம், குரல் போதும். அழைப்பை எவரும் பதிவு செய்வதில்லை என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். பேச முடியாத நிலை வந்தால் சொல்வதற்கு ஒரு சொல்லை உளவளத்துணையாளரோடு முடிவு செய்யுங்கள். "அரிசி முடிஞ்சுது" என்பது போதும்.

வீட்டில் அடி உதை இருந்தால் அடிப்பவரோடு ஒரே அழைப்பில் சேராதீர்கள். அங்கே சொன்னதற்கு இரவில் அடி விழலாம். முதலில் தனியாகப் பேசுங்கள். 1938 பெண்களுக்கான உதவி இலக்கம். மனச்சுமைக்கு 1926ஐ அழைக்கலாம். இது தேசிய மனநல நிறுவகத்தின் 24 மணி நேர இலவசச் சேவை, தமிழிலும் பேசலாம். உங்கள் பிரதேச செயலகத்திலும் உளவளத்துணை உத்தியோகத்தரைக் கேட்டுப் பாருங்கள்.

வீட்டுக் கதை வெளியே போகக்கூடாது என்றுதான் நாம் வளர்ந்தோம். வீட்டுக்குள்ளேயே ஒருவர் கதை மற்றவருக்குத் தெரியாமல் போனால் என்ன செய்வது? அதற்காகவாவது ஒருமுறை பேசிப் பாருங்கள், சகோதரிகளே.