பொட்டியைத் தூக்கிப் போடாதீங்க, மாத்துங்க!

டிஸ்கி: நான் பொட்டி தட்டுறவன் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் கையெழுத்துப் போடுகிற ஆசாமி. தப்பு இருந்தால் பொட்டி தட்டும் மக்கள் மன்னிக்கவும் :-)

பெங்களூரில் என்னய்யா வெயில் என்று ஊரில் சிரிப்பார்கள். அடுகோடியில் மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் எங்கள் வீட்டில் ஏப்ரல் மாதம் வந்து உட்கார்ந்து பார்க்கட்டும். அப்படி ஒரு மத்தியானம் மகள் கல்லூரி ப்ராஜெக்ட் செய்துகொண்டிருக்கும்போது கணினி தானாக அணைந்தது. அந்த வாரத்தில் மூன்று தடவை. மூன்றாவது தடவை அழுதே விட்டாள்.

பார்க்க வந்த ஆள் பக்கத்து மூடியைக்கூட முழுசாகக் கழற்றவில்லை. "2019 மாடல் சார். புதுசு வாங்கிடுங்க. அறுபதாயிரத்துல முடிச்சிடலாம்" என்றார். என்ன பழுது என்று கேட்டேன். "ஹீட் சார்."

அட, காற்று வராததுதான் வியாதியா? வீட்டில் காற்று வரவில்லை என்றால் வீட்டை மாற்றுவோம். பெண்டாட்டி பிள்ளையையா மாற்றுவோம்?

உள்ளே பார்த்தேன். சின்ன கேபினெட். எஸ்.எம்.பி.எஸ். ப்ராசஸர் தலைமேல் உட்கார்ந்திருக்கிறது. ஒரே ஒரு விசிறி, அதிலும் ஆறு வருடத் தூசி. துடைத்த பிறகும் சூடு குறையவில்லை. மதர்போர்டு, ராம், டிஸ்க் எல்லாம் கல்லுக்குண்டு மாதிரி இருந்தன. கெட்டது தகரப் பெட்டி மட்டும்.

இது எனக்கு விளங்கக் காரணம் ஒரு பழைய ஏற்பாடு. 1995-ல் இன்டெல் ஏடிஎக்ஸ் என்ற அளவுமுறையைக் கொண்டு வந்தது. போர்டு 30.5 செ.மீ.க்கு 24.4 செ.மீ., திருகு ஓட்டைகள் இன்ன இடத்தில், மின்சார இணைப்பு இன்ன மாதிரி என்று எல்லாம் பொது. பின்னால் வந்த மைக்ரோ ஏடிஎக்ஸ் 24.4 செ.மீ. சதுரம். அதன் ஓட்டைகள் பெரிய பெட்டியிலும் பொருந்தும். யார் செய்த போர்டும் யார் செய்த பெட்டியிலும் உட்காரும் என்பதுதான் இதன் பெருமை.

ஞாயிறு விட்டு திங்கள் லீவு போட்டு எஸ்.பி. ரோடு போனேன். பெரிய கேபினெட், கூடுதலாக இரண்டு விசிறி, 4,200 ரூபாய். நானும் மகளும் ஹாலில் பழைய பெட்ஷீட் விரித்து உட்கார்ந்தோம். பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைக் கொஞ்ச நேரம் அழுத்தி மிச்ச மின்சாரத்தைப் போக்கினோம். ஒவ்வொரு வயரையும் பிடுங்கும் முன் செல்போனில் படம். ப்ராசஸரைத் தொடாமல் போர்டை அப்படியே தூக்கி வைத்தோம்.

திருகப் போனபோது மகள் கையைப் பிடித்தாள். "அப்பா, இந்த இடத்துல போர்டுல ஓட்டையே இல்ல. கீழ பித்தளைக் கட்டை எதுக்கு நிக்குது?" நான் கவனிக்கவில்லை. அது போர்டின் அடியில் பட்டு ஷார்ட் ஆகியிருந்தால் புதுசு வாங்கச் சொன்னவர் வாய்க்குச் சர்க்கரைதான். கடைசியில் ப்ராசஸருக்குப் போகும் வயர் எட்டவில்லை, எஸ்.எம்.பி.எஸ். கீழே போய்விட்டதே! மறுநாள் மாலை மறுபடி எஸ்.பி. ரோடு, ஒரு நீட்டிப்பு வயர். போட்டதும் எழுந்தது. அந்த வெயில் முழுக்க ஒரு தடவைகூட அணையவில்லை.

இதோடு விட்டிருந்தால் இந்தப் பதிவே இல்லை. ஜம்பத்தில் மச்சான் வீட்டுக் கணினிக்கும் வைத்தியம் பார்க்கக் கிளம்பினேன். பெரிய கம்பெனி பிராண்டு. மூடியைத் திறந்தால் போர்டின் ஓட்டைகள் எந்தப் பெட்டியோடும் சேரவில்லை. மின்சார இணைப்பும் தனி ரகம். அதற்கென்று அந்தக் கம்பெனியே கொடுத்தால்தான் உண்டு. என்னுடையதை விட அதிக விலை கொடுத்து, மச்சான் வாங்கியது பூட்டிய வீடு. சாவி வேறு ஆளிடம்!

கோபம் கம்பெனி மேல் மட்டுமில்லை, நம் மேலும்தான். கடையில் கலர் பார்க்கிறோம், தவணை எவ்வளவு என்று கேட்கிறோம். "இந்த போர்டு வேறு கேபினெட்டில் உட்காருமா?" என்று யார் கேட்கிறோம்?

வருமான வரிக் கணக்கில் கணினிக்குத் தேய்மானம் வருடம் 40 சதவீதம். 40,000 ரூபாய்ப் பொட்டி ஐந்து வருடத்தில் புத்தகத்தில் 3,110 ரூபாய் ஆகிவிடும். அது வரிக்கான கணக்கு. வீட்டு மேஜையில் இருப்பதற்கும் மனசுக்குள் அதே கணக்கைப் போட்டுத் தூக்கி எறிகிறோம் பாருங்கள், அங்கேதான் தப்பு.

"எல்லாவற்றையும் காப்பாற்ற முடியுமா?" என்பீர்கள். முடியாதுதான். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு முடிந்தது. பழைய ப்ராசஸர்கள் பலவற்றை விண்டோஸ் 11 ஏற்காது. சரி, போர்டையும் ப்ராசஸரையும் ராமையும் மாற்றுங்கள். பெட்டி, எஸ்.எம்.பி.எஸ்., டிஸ்க், விசிறி என்ன பாவம் செய்தன? பொது அளவில் இருந்தால் அவை அப்படியே நிற்கும். 2022-ல் மட்டும் உலகம் 6.2 கோடி டன் மின்கழிவு போட்டது. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது 22.3 சதவீதம்தான். அதே 2022 டிசம்பரில் நம் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுநீக்கும் உரிமைக்கென்று இணையதளமே திறந்தது. நல்லது. ஆனால் ஓட்டை பொருந்தாத போர்டை இணையதளம் பொருத்தாது. வாங்கும்போது நாம்தான் கேட்க வேண்டும்.

ஆம்பூரிலிருந்து எங்களோடு வந்தபோது அம்மா அம்மியையும் லாரியில் ஏற்றினார். வாடகைக்கு வந்த ஊரில் நாலு வீடு மாறியும் அந்த அம்மி கூடவே வந்தது. வீடு மாறினால் சாமானையும் மாற்ற வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஊர் விட்டு ஊர் வந்து, மூட்டை கட்டிப் பழகிய நமக்கா ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்கு மாற்றத் தெரியாது?

அடுத்த தடவை கடைக்குப் போனால் விலைக்கு முன் இதைக் கேளுங்கள்: "பெட்டி மாற்ற முடியுமா?" முடியாது என்றால் அது நம் பொருள் இல்லை, பணம் கட்டி இரவல் வாங்கியது.

என்ன நான் சொல்றது?