குதிரை வாங்க முன் சாய்தளத்தைக் கட்டுங்கள்

சீகிரியாவுக்கும் தம்புள்ளைக்கும் வரும் உல்லாசப் பயணிகளை நம்பித் தொழில் செய்யும் எமது சகோதரர்கள் மாத்தளை மாவட்டத்தில் பலர். விடுதியோடு நாலு குதிரைகளையும் வைத்தால் வருமானம் கூடும் என்று அவர்களில் எவருக்கும் தோன்றலாம். அதில் தவறில்லை. ஆனால் "விசேட தேவையுடைய சிறுவர்களுக்குக் குதிரைச் சவாரி சிகிச்சை" என்று பலகை மாட்டுவதானால் விடயம் வேறு.

அந்தச் சிகிச்சை பொய்யல்ல. டென்மார்க்கின் லிஸ் ஹார்டெல் என்ற பெண்மணி 1944இல் இளம்பிள்ளை வாதத்தால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்தவர். பிறர் தூக்கி ஏற்றிவிட, 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் குதிரைச் சவாரியில் வெள்ளிப் பதக்கம் வென்றார். குதிரை நடக்கும்போது அதன் முதுகின் அசைவு, மனிதன் நடக்கையில் இடுப்பு அசைவதைப் போன்றது. நடக்க முடியாத பிள்ளையின் உடல் அந்த அசைவுக்குப் பழகுகின்றது; நிமிர்ந்து உட்காரும் பலமும் வருகின்றது. சீகிரியாக் குன்றின் சுமார் 1,200 படிகளில் ஏற முடியாத பிள்ளையோடு வரும் குடும்பத்துக்கு இப்படியொரு இடம் எவ்வளவு பெரிய விடயம்!

சிக்கல் பாதுகாப்பில்தான். முறையாகச் செய்யுமிடங்களில் ஒரு பிள்ளைக்கு மூவர் வரை நிற்பார்கள். ஒருவர் குதிரையைப் பிடித்து நடத்த, மற்ற இருவரும் பக்கத்துக்கு ஒருவராகப் பிள்ளையோடு நடப்பர். மோட்டார் சைக்கிள் ஹெல்மட் இதற்குப் பொருந்தாது, சவாரிக்கென்றே செய்த தலைக்கவசம் வேண்டும். விழுந்தால் பாதம் சிக்காமல் கழன்றுவிடும் அங்கவடி வேண்டும். டவுன் சின்ட்ரோம் உள்ள சில பிள்ளைகளின் கழுத்தெலும்பு உறுதியற்றது; அவர்களுக்குச் சவாரியே ஆபத்து. கட்டுப்படாத வலிப்பு உள்ளவர்களும் அப்படித்தான். ஆகவே வைத்தியரின் கடிதமின்றி எந்தப் பிள்ளையையும் ஏற்றக்கூடாது. தாய் கெஞ்சிக் கேட்டாலும்தான். குதிரையும் சத்தத்துக்கு மிரளாத, வயது முதிர்ந்த, சாதுவான மிருகமாக இருக்க வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கிவிடாதீர்கள்.

அடுத்தது வசதி. பொதுமக்கள் வந்துபோகும் கட்டடங்களில் வலுவிழந்தோருக்கு அணுகும் வசதி இருக்க வேண்டுமென 2006இல் ஒழுங்குவிதிகள் வந்தன; 2011இல் உயர் நீதிமன்றமும் அதனை வலியுறுத்தியது. எமது கடைகளிலேயே எத்தனை பேர் இதைச் செய்திருக்கிறோம் என்பது வேறு கதை. குதிரையில் ஏறும் மேடை இரண்டரை அடி உயரமென்றால், அடிக்கு 12 அடி என்ற கணக்கில் சாய்தளம் 30 அடி நீளமாகும். அதற்குக் கைபிடி, சக்கர நாற்காலி நுழையும் கழிவறை, நிழல், வேலியடைத்த மணல் தரை. நண்பகல் வெயிலில் சவாரி வேண்டாம், காலை வேளைதான் பிள்ளைக்கும் குதிரைக்கும் நல்லது.

இதில் இலாபம் கிடைக்குமா? ஒரு பிள்ளைக்கு மூன்று ஆட்களின் கூலி என்றால் கிடைக்காது. என் அபிப்பிராயத்தில் இதைத் தனியொருவர் தொடங்கக்கூடாது. மாத்தளை, உக்குவளை, கலேவெல வர்த்தகர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரேயிடத்தில் தொடங்கலாம். மாலையில் உல்லாசப் பயணிகளிடம் பெறும் கட்டணம் காலையில் வரும் பிள்ளைகளின் செலவைத் தாங்கட்டும். அமானிதமாக வரும் பிள்ளைகள் அவர்கள். கட்டணத்தால் எவரும் திரும்பிப் போகக்கூடாது.

காப்புறுதிக்கோ தகாபுலுக்கோ போகும்போது "குதிரைச் சவாரி" என்று மட்டும் சொல்லாமல், ஏறப்போவது யார் என்பதையும் எழுத்தில் கொடுங்கள். அந்தப் பிள்ளைகளும் உள்ளடங்குகிறார்களா என்ற பதிலையும் எழுத்திலேயே வாங்குங்கள்.