மேளத்தை இருந்து கேட்போம், ஒழுங்காகப் பதிவும் செய்வோம்



கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருக்கும்போது வாசியுங்கோ.

ஆனி, ஆடி வந்தால் தீவுப்பகுதி முழுக்கத் திருவிழாப் பேச்சுத்தான். நயினாதீவு நாகபூசணி அம்மன் கொடியேறினால் குறிகாட்டுவான் இறங்குதுறையில் நிற்க இடமிருக்காது. வெளிநாட்டிலிருந்து சொந்தங்கள் வந்து இறங்குவார்கள். அதோடு சேர்ந்து ஒவ்வொரு ஊரிலும் ஒரு கேள்வியும் வரும்: இந்த முறை எந்த இசைக்குழுவைக் கூப்பிடுவது, எத்தனை பொக்ஸ் அடுக்குவது? அந்தக் கேள்வியைப் பற்றித்தான் நாங்கள் கொஞ்சம் பேச விரும்புகிறோம்.

நாங்கள் படிப்பிக்கிற ஆக்கள், முஸ்லிம்கள். அதோடு ஜாஸ் கேட்கிற பைத்தியமும் எங்களுக்கு உண்டு. "தீவில இருந்துகொண்டு அமெரிக்கச் சங்கீதமா?" என்று சிரிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஜாஸைக் கேட்கக் கேட்கத்தான் எங்கள் ஊர்த் தவிலின் அருமை எங்களுக்கு விளங்கியது.

ஜாஸ் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரத்தில், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட கறுப்பின மக்களின் பிள்ளைகள் வளர்த்த இசை அது. அங்கே செத்த வீட்டு ஊர்வலத்துக்கும் ரம்பெற்றும் மேளமும் வாசித்துக்கொண்டு வீதியில் போவார்கள். எங்கள் சாமி வீதி சுற்றும்போது நாதஸ்வரமும் தவிலும் முன்னுக்குப் போவதைப் போல. ஒரு மெட்டை எல்லாரும் சேர்ந்து வாசித்துவிட்டு, பிறகு ஒவ்வொருவராக அந்த மெட்டை வைத்து அந்த நேரத்தில் மனதில் பிறப்பதை வாசிப்பார்கள். நாலு சுற்று ஒருவர், நாலு சுற்று மேளக்காரர் என்று மாறி மாறிப் பேசுவதும் உண்டு. இரண்டு தவில்காரர் எதிரெதிரே நின்று ஒருவர் வைத்த சொல்லுக்கு மற்றவர் பதில் வைப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

டேவ் புரூபெக் என்ற பியானோக் கலைஞர் தன் குழுவோடு 1958 இல் இலங்கைக்கு வந்தார். அந்தப் பயணத்தில் துருக்கித் தெருவில் கேட்ட ஒன்பது எண்ணிக்கைத் தாளத்தை வைத்து அவர் ஒரு உருப்படி செய்தார். அடுத்த வருடம் அதே இசைத்தட்டில் வெளிவந்த "டேக் ஃபைவ்" ஐந்து எண்ணிக்கையில் அமைந்தது. ஐந்து எண்ணிக்கை மேற்கு நாட்டுக் காதுக்கு அதிசயமாக இருந்தது. எங்கள் தவில்காரருக்கு அது கண்டம், சின்ன வயதிலேயே கைக்கு வந்துவிடும் கணக்கு. டியூக் எலிங்டனின் பெரிய குழுவும் 1963 இல் இலங்கைக்கு வந்து வாசித்துவிட்டுப் போனது. உலகம் எங்கள் பக்கம் வந்து கேட்டுவிட்டுப் போயிருக்கிறது. நாங்கள்தான் எங்கள் வீதியில் நடப்பதைக் கேட்காமல் நிற்கிறோம்.

நடப்பதைச் சொல்கிறோம், கோபிக்க வேண்டாம். ஒரு கோயிலில் பூங்காவனத் திருவிழா. நாதஸ்வர வித்துவான் இராகத்தை மெல்ல விரித்துக்கொண்டு போகிறார். பக்கத்து மேடையில் இரவு இசைக்குழுவுக்கு ஆயத்தம் நடக்கிறது. "ஹலோ, மைக் ரெஸ்ற், வன் டூ த்ரீ". பிறகு ஒரு ட்ரம்ஸ் உதை. வித்துவான் ஒரு கணம் நிறுத்தினார், பிறகு சுருக்கமாக முடித்துக்கொண்டார். அவருக்கு முன்னால் இருந்தது பத்துப் பதினைந்து பேர். அதிலும் பாதிப்பேர் போனைத் தூக்கிப் பிடித்து அரை நிமிடம் வீடியோ எடுத்துவிட்டு எழும்பிப் போனவர்கள். இது ஒரு கோயிலின் குற்றம் இல்லை, இப்போது பல இடங்களில் நிலைமை இதுதான்.

இது யாருடைய மண் என்று ஒருக்கால் யோசியுங்கோ. இந்த யாழ்ப்பாணத்தில்தான் தவில் மேதை தெட்சணாமூர்த்தி இருந்தார். 1933 இல் பிறந்தவர், 1975 இல் காலமானபோது 42 வயதும் நிரம்பவில்லை. தமிழ்நாட்டுப் பெரிய வித்துவான்களே தேடிவந்து கேட்ட கை. அளவெட்டி என். கே. பத்மநாதனின் நாதஸ்வரத்துக்காக விடிய விடியக் குந்தியிருந்த சனம் எங்கள் பெற்றோரின் தலைமுறை. இடது கையில் பூவரசங்கம்பு, வலது கை விரல்களில் பசையால் செய்த கூடு. இவ்வளவுதான் தவிலுக்கு ஆயுதம். அதை வைத்து ஒரு மனிதன் என்ன செய்யலாம் என்பதை இருந்து பார்த்தால்தான் தெரியும்.

"முஸ்லிம் வாத்திமாருக்குக் கோயில் மேளத்தில் என்ன வேலை?" என்று கேட்பவர்களும் இருப்பார்கள். நயினாதீவில் அம்மன் கோயிலும் நாகவிகாரையும் பள்ளிவாசலும் இருக்கின்றன. ஒரே படகில் போகிறோம், ஒரே வகுப்பில் பிள்ளைகள் இருக்கிறார்கள். நாதஸ்வர மேதை ஷேக் சின்ன மௌலானா ஒரு முஸ்லிம். ஆந்திராவில் பிறந்து, நாச்சியார்கோயிலில் தஞ்சாவூர்ப் பாணி பழகி, ஸ்ரீரங்கத்தில் குடியிருந்து வாசித்தவர். 1998 இல் சங்கீத கலாநிதிப் பட்டம் பெற்றார். ஜாஸிலும் ஆர்ட் பிளேக்கி, யூசுஃப் லத்தீஃப், அஹ்மத் ஜமால் என்று இஸ்லாத்தை ஏற்றுக்கொண்ட பெரிய கலைஞர்கள் பலர். யூசுஃப் லத்தீஃப் ஒரு கட்டத்துக்குப் பிறகு மது பரிமாறும் இடங்களில் வாசிப்பதில்லை என்று முடிவெடுத்தார். திருவிழா இரவுகளில் போத்தலோடு நிற்கிற தம்பிமார் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இசை விடயத்தில் எங்கள் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. தவிர்ந்து கொள்பவர்களை நாங்கள் மதிக்கிறோம், இங்கே அந்த விவாதத்துக்குப் போகவில்லை. நோன்பு காலத்தில் தஹ்ரா தட்டி பைத் பாடி சஹருக்கு எழுப்பிய பக்கீர்மாரின் குரலும், நாகூர் ஹனிபாவின் குரலும் எங்கள் வீடுகளிலும் கேட்ட குரல்கள்தான்.

இனிப் பதிவுகளுக்கு வருவோம். ஜாஸ் ரசிகர்களுக்கு ஒரு பெரிய கவலை உண்டு. ஜாஸின் முதல் பெரிய கலைஞர் என்று சொல்லப்படும் பட்டி போல்டனின் வாசிப்பு ஒரு விநாடிகூட இன்று இல்லை. கேட்டவர்கள் சொன்ன கதை மட்டும்தான் மிச்சம். பழைய இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடச் சொச்சம்தான் இடம். அதனால் அரை மணி நேரம் வாசிக்கக்கூடியவரும் மூன்று நிமிடத்துக்குள் தன்னை மடக்கிக்கொண்டார். மணிக்கணக்கில் தோடி வாசித்த திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்கும் அதே கதிதான். 1948 இல் நீண்ட நேர இசைத்தட்டு வந்த பிறகுதான் கலைஞர்களுக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது. ஜோன் கோல்ட்ரேன் இறைவனுக்கு நன்றியாகச் செய்த "எ லவ் சுப்ரீம்" இசைத்தட்டு 1964 டிசம்பரில் ஒரே நாள் அமர்வில் பதிந்தது. அந்த ஒருநாள் வேலையை ஒருவர் ஒழுங்காகப் பதிந்து வைத்ததால் இன்றைக்கும் உலகம் கேட்கிறது.

எங்களிடம் என்ன மிஞ்சியது? தெட்சணாமூர்த்தி வாசித்த அத்தனை ஆயிரம் இரவுகளில் கைவிரல் விட்டு எண்ணக்கூடிய பதிவுகள்தான் இன்று கைக்குக் கிடைக்கின்றன. அம்ஷன் குமார் அவரைப் பற்றி ஆவணப்படம் எடுத்தபோது பலருக்கு அப்படி ஒருவர் இருந்ததே அப்போதுதான் தெரியவந்தது. 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைப் பற்றி இன்றைக்கும் அழுகிறோம், அழத்தான் வேண்டும். ஆனால் இடம்பெயர்வுகளில் வீடு வீடாக அழிந்த கசெற்றுகளை யாரும் எண்ணவில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து எங்கள் சனம் வெளியேற்றப்பட்டபோது விட்டுவந்த பெட்டிகளுக்குள் கலியாண வீட்டுப் பாட்டுகளும் மௌலிதுகளும் இருந்தன. தீவுகளைவிட்டு ஓடிய தமிழ்ச் சனத்தின் வீடுகளிலும் திருவிழாக் கசெற்றுகள் இருந்தன. மின்சாரம் இல்லாத காலத்தில் குடாநாட்டில் சைக்கிளைக் கவிழ்த்து டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட சனம் நாங்கள். அப்படிக் கேட்டவர்களிடம் இன்று சேமித்துவைக்க ஒன்றுமில்லை.

"இப்பத்தான் எல்லாத்தையும் லைவ் போடுறமே" என்பீர்கள். நல்லது. கனடாவில் நாலு சுவருக்குள் இருக்கிற அம்மம்மா தேர் பார்ப்பதை நாங்கள் குறை சொல்லமாட்டோம். ஆனால் போனில் தவிலைக் கேட்டுப் பாருங்கோ. உரத்த அடி எல்லாம் கிழிந்த சத்தமாக வரும், மெல்லிய விரல் வேலை கேட்கவே கேட்காது. யார் வாசித்தது, என்ன இராகம், எந்த நாள் என்ற விபரம் இருக்காது. ஒரு பக்கம் முடக்கப்பட்டால் எல்லாம் போய்விடும். அதை ஆவணம் என்று சொல்ல முடியாது.

இதில் பிள்ளைகளைக் குறை சொல்லிப் பிரயோசனம் இல்லை. பஸ்ஸிலும் படகிலும் சினிமாப் பாட்டு, கையில் பதினைந்து விநாடி வீடியோ. நாங்களும் இலங்கை வானொலியில் சினிமாப் பாட்டுக் கேட்டுத்தான் வளர்ந்தோம். சிலோன் மனோகர், நித்தி கனகரத்தினம் பாடிய பொப் பாட்டுக்கு ஆடாதவர் யார்? பொழுதுபோக்கு வேண்டும். இசைக்குழுவும் வரட்டும். ஆனால் மேசையில் தாளம் தட்டுகிற பிள்ளை ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறது. "சத்தம் போடாதை" என்று நாங்கள் அதட்டுகிறோம். அந்தப் பிள்ளை ஒரு நல்ல தவிலை ஐந்து அடி தூரத்திலிருந்து ஒருமுறைகூடக் கேட்காமல் பாடசாலையை விட்டுப் போகிறது. எங்களுக்கு நோகிற இடம் அதுதான்.

அதனால் கோயில் சபையினரிடமும் உபயகாரரிடமும் பாடசாலைகளிடமும் நாங்கள் கேட்பது இவ்வளவுதான்.

ஒன்று, மேளக் கச்சேரிக்கு ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கோ. அந்த நேரத்தில் வேறு ஒலிபெருக்கி, வெடி, மைக் சோதனை எதுவும் வேண்டாம். முன்வரிசையைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கோ. சாதாரண நாளில் மாலையோடு படகு நின்றுவிடும். ஆகவே திருவிழா நாட்களிலும் ஒரு கச்சேரியைப் பின்னேரம் மூன்று மணிக்கு வைத்தால் வேலணை, புங்குடுதீவுப் பிள்ளைகளும் வந்து கேட்டுவிட்டுத் திரும்பலாம்.

இரண்டு, லைவ் போடுகிற காசில் ஒரு பங்கை நல்ல ஒலிப்பதிவுக் கருவிக்குச் செலவழியுங்கோ. கலைஞர்களிடம் அனுமதி கேட்டு, அதற்கும் சேர்த்துச் சம்பளம் கொடுத்து, ஆரம்பம் முதல் முடிவுவரை பதியுங்கோ. பெயர், திகதி, இராகம் எழுதி மூன்று இடத்தில் வையுங்கோ.

மூன்று, வீட்டு அலுமாரியில் பழைய கசெற் இருந்தால் எறியாதேங்கோ. உப்புக்காற்றில் அது இன்னும் எத்தனை மழைக்குத் தாங்கும்? 2005 இலிருந்து எங்கள் எழுத்துகளை எண்ணிமப்படுத்திவரும் நூலகம் நிறுவனம் போன்ற இடங்களுக்குக் கொடுக்கலாம். திருவிழா மேளம் மட்டுமில்லை, ஊர்காவற்றுறைப் பக்கத்துக் கத்தோலிக்கக் கூத்தும், பக்கீர் பைத்தும், நெடுந்தீவு ஆச்சிமாரின் தாலாட்டும் பதிய வேண்டியவைதான்.

நான்கு, அதிபர்மாரே, வருடத்தில் ஒருநாள் ஒரு தவில் வித்துவானைப் பாடசாலைக்குக் கூப்பிடுவோம். சங்கீதப் பாடம் எடுக்காத பிள்ளைகளும் இருக்கட்டும். இதில் பெரிய செலவு இல்லை, படகுக்கூலியும் மரியாதையான சன்மானமும் போதும்.

பதிவு நாளைக்குத் தேவை. ஆனால் வாசிக்கிறவர் முன்னால் நிமிர்ந்து பார்க்கும்போது கேட்கிற ஆள் இருந்தால்தான் அடுத்த சுற்று வாசிப்பார். ஆள் இல்லாவிட்டால் பதிவதற்கும் ஒன்றும் இராது.

இந்த முறை உங்கள் கோயிலில் யார் மேளம், எத்தனை மணிக்கு என்று கீழே போடுங்கோ. நாங்கள் பிள்ளைகளோடு வருகிறோம். வீட்டில் பழைய கசெற் வைத்திருப்பவர்களும் சொல்லுங்கோ, அதை எண்ணிமப்படுத்துவதற்கு எங்களால் ஆன உதவியைச் செய்கிறோம், இன்ஷா அல்லாஹ்.