ஈகைக்கும் கண் வேண்டும்

2024-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30-ஆம் நாள், விடியுமுன் வயநாட்டில் மலை சரிந்தது. முண்டக்கையும் சூரல்மலையும் சேற்றில் புதைந்தன. 200-க்கு மேற்பட்டோர் மாண்டனர். திருவனந்தபுரத்தில் எங்கள் விடுதித் தமிழ் மாணவர் பதினால்வர் கூடி ரூ. 4,300 சேர்த்தோம். அனுப்பும் பொறுப்பு என்னுடையதாயிற்று.

யாரோ பரப்பிய படமொன்று கைபேசியில் வந்தது. அரசு முத்திரையும் கியூ.ஆர். குறியும் அதில் இருந்தன. மலையாளத்தை நான் எழுத்துக்கூட்டிப் படித்த காலம் அது, முத்திரையையே நம்பினேன். திரையில் தோன்றிய பெயர் நிதியின் பெயரன்று. யாரோ தனி மனிதருடையது. 'அலுவலராக இருப்பார்' என்று எனக்கு நானே விடை சொல்லி இரகசிய எண்ணை அழுத்தினேன். ஆய்வுக்கூடத்தில் ஓர் அளவை மும்முறை எடுக்காமல் ஏட்டில் எழுதாதவன் நான்! உண்மை தெரிந்த பின்னும் வெட்கத்தால் மூன்று நாள் வாய் திறக்கவில்லை. பணம் மீளவில்லை.

இஃது என் ஒருவன் பேதைமை மட்டுமன்று. 2005-இல் கத்ரீனா புயலுக்குப் பின் போலி நிதித் தளங்கள் முளைத்தன. அமெரிக்க நீதித்துறை பேரிடர் மோசடிக்கெனத் தனி மையமே அமைத்தது. வயநாட்டுத் துயரின்போது கேரள அரசும், தவறாகப் பயன்படக்கூடும் என்று தன் நிவாரண நிதியின் கியூ.ஆர். குறியைத் திரும்பப் பெற்றது.

திருடன் கொண்டுபோனது ரூ. 4,300 மட்டுமா? அவ்வாண்டு நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலால் விழுப்புரம் வெள்ளத்தில் தத்தளித்தது. மீண்டும் கையேந்தினேன். பதினால்வரில் நால்வரே கொடுத்தனர். நம் ஊர்த் துயருக்கே நம்மவர் கை நீளவில்லை! அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, குற்றம் என்னுடையது.

ஏமாற்றுவோர் உளர் என்பதற்காகக் கொடுப்பதை நிறுத்துவதா? கூடாது, நண்பர்களே! பார்த்துக் கொடுப்போம். வந்த படத்தையும் இணைப்பையும் நம்பாமல், அரசுத் தளத்தின் முகவரியை நாமே தட்டச்சு செய்வோம். பெறுவோர் பெயர் மாறினால் அங்கேயே நிறுத்துவோம். 'உதவித்தொகை தருகிறோம், இரகசிய எண்ணை இடுக' என்பவனும் கள்வனே. பணம் பெறுவதற்கு அவ்வெண் தேவையில்லை. ஏமாந்துவிட்டாலோ, வெட்கம் பாராது உடனே 1930-ஐ அழையுங்கள். பொழுது போகப் போகப் பணம் கைமாறிவிடும்.

பெயரைப் படிக்க ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடியை நான் செலவிடவில்லை, நீங்கள் செலவிடுங்கள்.